பிரவுசரில் படத்தை பைட்டாகவே வாங்குவது எப்படி?

கேள்வி கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்தது. புறக்கோட்டை மெயின் வீதியில் இருக்கும் ஒரு புடவைக்கடைக்கு ஒரு தங்கச்சி வெப் ஆப் செய்துகொண்டிருக்கிறார். கடையில் நிற்கும் ஆட்கள் டேப்லட்டில் லாகின் செய்து, கிடங்கில் உள்ள சாறிகளின் படங்களை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். படங்கள் சிங்கப்பூரில் ஒரு சர்வரில் இருக்கின்றன. லாகின் செய்ததற்குச் சான்றான டோக்கனை அனுப்பினால்தான் சர்வர் படத்தைத் தரும். அதனால், சர்வரிடம் தரவு கேட்க ஜாவாஸ்க்ரிப்டில் உள்ள பழைய வழியான எக்ஸ்எச்ஆர் மூலம் படத்தைக் கேட்டு, பதிலை எழுத்தாகத் தரும் ரெஸ்பான்ஸ்டெக்ஸ்ட்டை எடுத்து, பேஸ்64 (பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளால் எழுதும் முறை) ஆக்கி இமேஜ் டேக்கில் போட்டிருக்கிறார். உடைந்த படச் சின்னம்தான் வருகிறது. பிறகு, பைட்டுகளை அப்படியே ஒரு பொதியாக வைத்திருக்கும் பிளாப் முறைக்கு மாற்றியபோது படம் வந்திருக்கிறது, ஆனால் கொஞ்ச நேரம் ஸ்க்ரோல் செய்தால் டேப்லட் திணறி, டேப் தானாகவே மூடிக்கொள்கிறது. "அண்ணா, இரண்டுக்கும் காரணம் விளங்கினால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தார். கேட்ட விதம் பிடித்திருந்தது. காரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ரெஸ்பான்ஸ்டெக்ஸ்ட் என்று கேட்டவுடன், வந்த பைட்டுகளை எழுத்துகளாக வாசிக்கும் வேலையை பிரவுசர் தொடங்கிவிடும். சர்வர் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அவை யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைப் பைட்டாக எழுதும் முறை) என்று எடுத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8 கண்ட பைட்டையெல்லாம் ஏற்காது, அதற்குக் கடுமையான விதிகள் உண்டு. நம் 'அ' என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். தமிழ் எழுத்துகளுக்கான யூனிகோட் குறியீடுகள் எல்லாமே இப்படி மும்மூன்று பைட்டுகளாகத்தான் போகும், முதல் பைட் எப்போதும் 224. அதனால் 224 வந்துவிட்டால், அடுத்த இரண்டு பைட்டுகளும் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தாக வேண்டும்.

இப்போது ஒரு ஜேபெக் படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள்: 255, 216, 255. நான்காவது பைட் பல படங்களில் 224, போன் கமெராவில் எடுத்தவற்றில் பெரும்பாலும் 225. யூடிஎஃப்-8இல் 255 எங்குமே வரக்கூடாத பைட். 216க்குப் பின்னால் 128 முதல் 191 வரையான ஒன்று வர வேண்டும், வந்திருப்பதோ 255. 224க்குப் பின்னால் வருவது 0, அதுவும் தவறு. நான்கு பைட்டும் பிழை என்பதால், நான்கு இடத்திலும் பிரவுசர் ஒரே மாற்றுக்குறியை வைத்துவிடுகிறது. கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்டதுபோல் சில பக்கங்களில் பார்த்திருப்பீர்களே, அதேதான். அந்தக் குறியைத் திரும்ப பைட்டாக்கினால் ஒவ்வொன்றும் 239, 191, 189 ஆகும். 4 பைட் 12 பைட்டாகிவிட்டது. எந்த இடத்தில் 255 இருந்தது, எந்த இடத்தில் 216 இருந்தது என்பதற்குத் தடமே இல்லை.

பாமினி எழுத்துருவில் தட்டிய கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்த அனுபவம் நம் ஆட்களில் பலருக்கு இருக்கும். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும், ஆனால் உள்ளே எதுவும் அழியவில்லை. எழுத்துருவை நிறுவினால் தமிழ் திரும்பி வந்துவிடும். ரெஸ்பான்ஸ்டெக்ஸ்ட்டில் நடப்பது அந்த வகைக் குழப்பம் இல்லை. வெவ்வேறு பைட்டுகள் எல்லாம் ஒரே குறியாகச் சுருங்கிவிட்டதால், பிறகு எந்த மாற்றியைக் கொண்டும் படத்தை மீட்க முடியாது. எனவே பேஸ்64 பகுதியை எவ்வளவு திருத்தினாலும் பயன் இல்லை. அதற்கு முந்தைய வரியிலேயே படம் போய்விட்டது.

இதற்கு ஒரு அடையாளமும் உண்டு. பேஸ்64 ஆக்கித் தரும் பீடூஏ என்ற ஃபங்ஷனுக்கு அந்த எழுத்துத்தொடரைக் கொடுத்தால், லத்தீன்-1 எல்லைக்கு (0 முதல் 255 வரையான குறியீடுகளுக்கு) வெளியே எழுத்துகள் இருக்கின்றன என்று எர்ரர் எறியும். பலர் அந்த எர்ரரை அடக்குவதற்காக முதலில் யூடிஎஃப்-8 ஆக என்கோட் செய்துவிட்டு பீடூஏக்குக் கொடுப்பார்கள். எர்ரர் போய்விடும், படம் வராது. தங்கச்சியின் கோடிலும் அந்த வரி இருக்கிறது. அதை எடுத்துவிடலாம்.

ஏன் இப்படி ஒரு பொறி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றலாம். எக்ஸ்எச்ஆர் முதலில் வந்தது 1999இல், மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5இல், அவுட்லுக் மின்னஞ்சலை பிரவுசரில் காட்டுவதற்காக. எக்ஸ்எம்எல்லும் எழுத்தும் வந்தால் போதும் என்பதுதான் அப்போதைய தேவை. பக்கத்தை மாற்றாமலே தரவு வாங்கும் இந்த முறைக்கு ஏஜாக்ஸ் என்ற பெயரே 2005இல்தான் பரவியது. படங்களை வாங்க வேண்டும் என்று ஆட்கள் நினைத்தபோது சரியான வழி இருக்கவில்லை. அதனால் ஓவர்ரைட்மைம்டைப் மூலம் எழுத்துத்தொகுதியை எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட் என்று மாற்றிச் சொல்லி பிரவுசரை ஏமாற்றினார்கள். அந்தத் தொகுதியில் 128 முதல் 255 வரையான ஒவ்வொரு பைட்டும் தனித்தனிக் குறியீடாக மாறும், ஒன்றும் தொலையாது. பிறகு ஒவ்வொரு எழுத்தின் எண்ணிலும் கடைசி 8 பிட்டை மட்டும் வெட்டி எடுத்தால் பழைய பைட் கிடைக்கும். கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் இன்றைக்கு அது தேவையே இல்லை. தேடும்போது இன்னும் பழைய கோடுகளில் இது அகப்படும். கண்டால் கடந்து போங்கள்.

சரி, முறையான வழி. எக்ஸ்எச்ஆரையே வைத்துக்கொள்வதென்றால், ஓப்பனுக்குப் பிறகு, சென்டுக்கு முன்னால், ரெஸ்பான்ஸ்டைப்பை பிளாப் அல்லது அரேபஃபர் (பைட்டுகளின் வெறும் தொகுப்பு) என்று வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் பதிலை ரெஸ்பான்ஸ் என்ற பண்பிலிருந்து எடுக்க வேண்டும். அப்போது ரெஸ்பான்ஸ்டெக்ஸ்ட்டைத் தொட்டால் பிரவுசர் எர்ரர் எறியும், அது நல்லதுதான். அழைப்பு அசிங்க்ரோனஸாக இருக்க வேண்டும் என்பதும் இதில் அடங்கும். பக்கத்தைக் காக்க வைக்கும் சிங்க்ரோனஸ் அழைப்பில் ரெஸ்பான்ஸ்டைப்பை மாற்றவே பிரவுசர் விடாது.

புதிதாக எழுதுவதென்றால் எக்ஸ்எச்ஆருக்குப் பின் வந்த ஃபெட்ச்சைத்தான் நான் சொல்வேன். குரோமில் 2015இலும் சஃபாரியில் 2017இலும் வந்துவிட்டது, கடையில் இருக்கும் எந்த டேப்லட்டிலும் ஓடும். ஃபெட்ச்சுக்கு அவெய்ட் (பதில் வரும்வரை பொறு என்ற சொல்) போட்டால் கிடைக்கும் ரெஸ்பான்ஸில் ஹெடர்கள்தான் முழுமையாக வந்திருக்கும், படத்தின் பைட்டுகள் இன்னும் வந்துகொண்டிருக்கலாம். அதனால் பிளாப் ஃபங்ஷனை அழைக்கும்போது இரண்டாவது அவெய்ட் வேண்டும். அதை மறந்தால் கையில் இருப்பது படமல்ல, பிறகு தருவதாகச் சொல்லும் பிராமிஸ். பிளாப்பை இமேஜ் டேக்கில் வைக்க முகவரி தரும் கிரியேட்ஆப்ஜெக்ட்யூஆர்எல்லுக்கு அதைக் கொடுத்தால் 'இது பிளாப் இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் எர்ரர் வரும். அப்புறம், ஒரு ரெஸ்பான்ஸின் உள்ளடக்கத்தை ஒரு முறைதான் வாசிக்கலாம். சோதிப்பதற்காக ஒரு தடவை, காட்டுவதற்காக ஒரு தடவை என்றால் முதலில் குளோன் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு அவெய்ட்டுக்கும் நடுவில் ஒரு சோதனை இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதிய கோடை நான் நிறையப் பார்க்கிறேன். 401, 404, 500 எது வந்தாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை. பதில் வந்துவிட்டது என்பதுதான் அதற்கு முக்கியம். நெட்வொர்க் அறுந்தாலோ, வேறு டொமைனிலிருந்து வரும் பதிலை வாசிக்கலாமா என்று பிரவுசர் பார்க்கும் கார்ஸ் விதி தடுத்தாலோ, நாமே நிறுத்தினாலோதான் அது எர்ரரைப் பிடிக்கும் கேட்ச் பக்கம் போகும். மதியம் டோக்கன் காலாவதியாகிவிட்டது என்று வையுங்கள். சர்வர் 401 (அனுமதி இல்லை) என்று சொல்லி ஒரு ஜேசன் செய்தியை, அதாவது எழுத்தாலான தரவை, அனுப்பும். நம் கோட் அந்த ஜேசனை பிளாப்பாக்கி இமேஜ் டேக்கில் வைக்கும். திரையில் தெரிவது அதே உடைந்த சின்னம், காரணமோ முற்றிலும் வேறு. ஆகவே ரெஸ்பான்ஸின் ஓகே பண்பைப் பாருங்கள், பிளாப் வந்ததும் அதன் டைப் 'இமேஜ்' என்று தொடங்குகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து நான்கு வரிதான். பிரச்சினை லாகினிலா படத்திலா என்பதை அந்த நான்கு வரி சொல்லிவிடும்.

டைப்பை மட்டும் முழுதாக நம்பவும் வேண்டாம். அது சர்வர் அனுப்பிய கன்டென்ட்-டைப் ஹெடரிலிருந்து வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரவுசர் திறந்து பார்த்துச் சொன்னதல்ல. சந்தேகம் வந்தால் பிளாப்புக்குப் பதில் அரேபஃபராக வாங்கி, அதன்மேல் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஒரு யூஇன்ட்8அரேயை வைத்து, முதல் சில எண்களை கன்சோலில் அச்சிடுங்கள். 255, 216, 255 என்றால் ஜேபெக். 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்றால் பிஎன்ஜி. வெப்பி என்றால் 82, 73, 70, 70 என்று தொடங்கி, நான்கு பைட் தள்ளி 87, 69, 66, 80 வரும். 123இல் தொடங்கினால் அது ஜேசனின் வளைந்த அடைப்புக்குறி. 60 என்றால் யாரோ எச்டிஎம்எல் எர்ரர் பக்கத்தை அனுப்பியிருக்கிறார்கள். 239, 191, 189 என்றால் நடுவில் எங்கோ யாரோ படத்தை எழுத்தாக வாசித்திருக்கிறார்கள், அது சர்வர் பக்கமாகவும் இருக்கலாம். பைலைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று கொடுத்துவிட்ட நோட்.ஜேஎஸ் சர்வர் கோட் இதற்கு வழக்கமான காரணம்.

பிஎன்ஜியின் அந்த எட்டு பைட்டுகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. முதல் பைட் 137, அதாவது 127இல் முடியும் ஆஸ்கி எழுத்துத்தொகுதிக்கு வெளியே. எட்டாவது பிட்டை வெட்டிவிடும் வழியில் பைல் போனால் உடனே தெரிந்துவிடும். நடுவில் 13, 10, கடைசியில் தனியாக இன்னொரு 10. வரி முடிவுக் குறிகளை யாராவது மாற்றினால், அந்த இரண்டில் ஒன்று கட்டாயம் கெடும். படத்தை எழுத்தாக நினைத்துக் கையாண்டால் முதல் எட்டு பைட்டிலேயே காட்டிக்கொடுக்க வேண்டும் என்றே அதை அப்படி அமைத்தார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே பிழைக்கு, 1990களிலேயே யோசித்து வைத்த காவல் அது.

பைட்டைப் பார்ப்பதால் வேறு பயனும் உண்டு. பிஎன்ஜியில் 0இலிருந்து எண்ணினால் அகலம் 16ஆவது பைட்டிலிருந்து நான்கு பைட்டில் இருக்கிறது, உயரம் 20இலிருந்து. டேட்டாவியூ கொண்டு கெட்யூஇன்ட்32 என்று கேட்டால் எண் வந்துவிடும். யூஇன்ட்32அரேயால் எடுக்கப் போனால் தலைகீழான எண் வரும், ஏனென்றால் பிஎன்ஜி பெரிய பைட்டை முதலில் எழுதுகிறது, நம் போன்களும் கணினிகளும் சின்ன பைட்டை முதலில் வைக்கின்றன. டேட்டாவியூ தானாகவே பெரிய பைட் முதல் என்று வாசிக்கும்.

கார்ஸ் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அங்கேதான் முட்டுவீர்கள். ஆப் ஒரு டொமைனிலும் படங்கள் இன்னொரு டொமைனிலும் இருக்கின்றன. இமேஜ் டேக் வேறு டொமைன் படத்தைக் காட்டும், பைட்டைத் தொட விடாது. ஃபெட்ச் பைட்டைத் தரும், ஆனால் அந்த சர்வர் அனுமதி ஹெடர் அனுப்ப வேண்டும். ஆதரைசேஷன் ஹெடர் சேர்த்தவுடன் பிரவுசர் முதலில் ஆப்ஷன்ஸ் என்று ஒரு முன்கேள்வியை அனுப்பும். அதற்கான பதிலில் ஆதரைசேஷன் என்ற பெயர் வெளிப்படையாக இருக்க வேண்டும், நட்சத்திரக்குறி அதற்குச் செல்லாது. கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு தடவை போய்வருவது வீண். முன்கேள்விக்கான பதிலில் அக்சஸ்-கன்ட்ரோல்-மேக்ஸ்-ஏஜ் ஹெடர் வைத்தால் அந்த அனுமதியை பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும், குரோமில் அதிகபட்சம் 2 மணி நேரம். ஆனால் அந்த நினைவு ஒவ்வொரு யூஆர்எல்லுக்கும் தனித்தனி. புதிய படம் என்றால் புதிய முன்கேள்விதான்.

இந்த இடத்தில் நோ-கார்ஸ் என்று மோடை மாற்றினால் எர்ரர் மறைந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். மறையும். கூடவே படமும் மறையும். அப்படி வரும் ரெஸ்பான்ஸின் ஸ்டேட்டஸ் 0, பிளாப் காலி. ஹெடரில் டோக்கனும் போகாது. செய்யாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் உண்மையான அபிப்பிராயம்: இந்தக் கடைக்கு ஃபெட்ச்சே தேவையில்லை. கையொப்பமிட்ட யூஆர்எல் என்று ஒரு வழி இருக்கிறது. லாகின் செய்தவருக்கு சர்வர் சாறிகளின் பட்டியலை அனுப்பும்போதே, ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பிட்ட நேரம் மட்டும் செல்லுபடியாகும் ஒரு யூஆர்எல்லைச் சேர்த்து அனுப்பும். அனுமதி யூஆர்எல்லுக்குள்ளேயே இருப்பதால் சாதாரண இமேஜ் டேக் போதும். முன்கேள்வி இல்லை, பிளாப் இல்லை. திரைக்குக் கிட்ட வரும்போது மட்டும் ஏற்றும் லேசி லோடிங், கேஷ், பைட் வரவரப் படம் தெரிவது எல்லாம் பிரவுசரே பார்த்துக்கொள்ளும். ஒன்றில் மட்டும் கவனம்: பட்டியல் கேட்கும் ஒவ்வொரு தடவையும் புதிய கையொப்பம் போட்டால் யூஆர்எல் மாறும், கேஷ் வீணாகும், கடைக்காரரின் டேட்டாவும் கரையும். ஒரு நாளுக்கு ஒரே கையொப்பம் வருமாறு காலாவதி நேரத்தை நாள் முடிவுக்கு நிறுத்திவிடுங்கள்.

ஃபெட்ச் உண்மையில் தேவைப்படும் இடங்கள் வேறு. இணைப்பு இல்லாதபோதும் காட்டுவதற்காக பிரவுசருக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளமான இன்டெக்ஸ்ட்டிபியில் சேமிப்பது, எத்தனை வீதம் வந்துவிட்டது என்று காட்டுவது, கமெரா படத்துக்குள் எழுதிவைக்கும் எக்ஸிஃப் குறிப்புகளை வாசிப்பது, கேன்வாஸில் போட்டு நிறத்தை அளப்பது. அல்லது சர்வர் உங்கள் கையில் இல்லை, டோக்கன் ஹெடரில்தான் போக வேண்டும் என்ற நிலை. தங்கச்சியின் நிலை இந்தக் கடைசி வகை என்றால், இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

டேப்லட் ஏன் திணறுகிறது? கிரியேட்ஆப்ஜெக்ட்யூஆர்எல் ஒவ்வொரு தடவையும் ஒரு முகவரியைத் தருகிறது. அந்த முகவரி உயிரோடு இருக்கும்வரை பிளாப்பை பிரவுசர் நினைவகத்திலிருந்து விடாது. இமேஜ் டேக்கைப் பக்கத்திலிருந்து நீக்கினாலும் விடாது. ரிவோக்ஆப்ஜெக்ட்யூஆர்எல் என்று நாம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தையே மூட வேண்டும். ஒரே பக்கமாக நாள் முழுக்கத் திறந்திருக்கும் கடை ஆப்பில் யாரும் மூடுவதில்லை. படத்தின் ஆன்லோட் நடந்தபின் ரிவோக் செய்யலாம், திரையில் இருக்கும் படம் மறையாது. ஆனால் அதே முகவரியை பெரிதாக்கிக் காட்டவும் வைத்திருந்தால், அந்தக் காம்போனன்ட் நீங்கும்போது ரிவோக் செய்வதுதான் பொருத்தம். ரியாக்ட் என்றால் யூஸ்எஃபெக்ட் திருப்பித்தரும் துப்புரவு ஃபங்ஷன் அதற்கான இடம்.

அதே இடத்தில், அனுப்பிய கோரிக்கையை இடையில் நிறுத்தும் அபார்ட்கன்ட்ரோலரையும் வையுங்கள். விரலால் வேகமாகத் தள்ளும்போது கடந்துபோன படங்களுக்கான கோரிக்கைகள் எல்லாம் இன்னும் வரிசையில் நிற்கும். எச்டிடிபி 1.1 என்றால் ஒரு சர்வருக்கு 6 இணைப்புதான், இப்போது கண்முன் இருக்கும் சாறி ஏழாவதாகக் காத்திருக்கும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. திரையில் ஒரே பெட்டிக்கு முதலில் கேட்ட படம் பிந்தி வந்து, பிறகு கேட்ட படத்தின்மேல் ஏறிக்கொள்ளும். சிவப்புச் சாறியின் விலைக்கு மேல் பச்சைச் சாறி தெரியும். விலை பார்த்து வாங்கும் கடையில் இது சின்ன விஷயம் இல்லை. நீங்கும்போது அபார்ட் செய்தால் இரண்டும் தீரும். அப்போது வரும் அபார்ட்எர்ரரைக் கேட்ச்சில் தனியாகப் பிரித்து, பேசாமல் விட்டுவிட வேண்டும். அதை 'இணைப்புக் கோளாறு' என்று திரையில் காட்டக்கூடாது.

ரிவோக், அபார்ட் இரண்டும் செய்த பிறகும் திணறினால், பார்க்க வேண்டியது படத்தின் அளவு. 2 எம்பி ஜேபெக் என்று நாம் நினைப்பது நெட்வொர்க்கில் வரும் அளவு. திரையில் வரைவதற்கு அதை விரித்தாக வேண்டும், ஒரு புள்ளிக்கு 4 பைட். 4000க்கு 3000 என்றால் 4 கோடியே 80 லட்சம் பைட், அதாவது ஏறக்குறைய 46 எம்பி. திரையில் 20 படம் இருந்தால் கணக்கை நீங்களே போடுங்கள். ஸ்டைலில் அகலத்தைக் குறைத்துக் காட்டுவதால் இது குறையும் என்று எண்ணி இருக்க முடியாது. 400க்கு 300 படம் இதில் நூறில் ஒரு பங்குதான். அந்தச் சின்னப் படத்தை சர்வரே செய்து வைத்திருக்க வேண்டும், பெரிய படத்தை ஒருவர் தொட்டுக் கேட்டால் மட்டும் எடுங்கள். முந்தானையின் ஜரிகையை வாடிக்கையாளர் கிட்ட பார்க்க விரும்பும் நேரம் அதுதான். அந்தப் பெரிய படத்தை கிரியேட்இமேஜ்பிட்மேப் மூலம் விரித்துக் கேன்வாஸில் வரைந்தால், பார்த்து முடிந்ததும் குளோஸ் அழைத்து அந்த 46 எம்பியை அங்கேயே விடுவிக்கலாம்.